பத்து நிமிட விதி

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது ஒரு தலைவலியில்தான் தெரியவந்தது. அப்போது வயது முப்பத்து நான்கு. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதால் வரும் வலி என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண்ணைச் சோதித்தவர் கண்ணாடி எழுதித் தரவில்லை. "பிரஷர் பாத்து எவ்வளவு நாளாச்சும்மா?" என்று மட்டும் கேட்டு, அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னார். ஒரே வாரத்தில் விஷயம் வெளிவந்துவிட்டது. மகளுக்கு அப்போது மூன்று வயது.

நிறுவனத்தில் எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வராத ஆளை வைத்துக்கொண்டு அவர்களும் என்னதான் செய்வார்கள்? மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். கடைசி நாளில் சாக்லேட் கேக் வெட்டினார்கள். சாக்லேட் அவளுக்கு ஆகாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை, ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரிடமும் விடைபெற்றாள்.

கணவனுக்குப் பம்புசெட் விற்கும் கடையில் வேலை. அவன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தரத் தயாராக இருந்தான். ரத்த வகை சேரவில்லை. அண்ணன் தருகிறேன் என்றான். அண்ணி வாயைத் திறக்கவே இல்லை. பிறகு அண்ணனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "அண்ணியைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, நானா இருந்தாலும் யோசிச்சிருப்பேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்வாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகாமல், நோயாளிகள் சங்கம் நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் வந்து சேர்ந்தாள்.

கட்டிலும் பீரோவும் விற்ற ஒரு கடையின் மாடி அது. கண்ணாடிச் சுவரில் 'தவணை முறை' என்று ஒட்டியிருந்த எழுத்துகளின் பசைத்தடம் இன்னும் போகவில்லை. ஒன்பது மெஷின்கள், ஒன்பது சாய்வு நாற்காலிகள், வாசலில் எடை பார்க்கும் கருவி, பின்னால் நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும் தண்ணீர்ச் சுத்திகரிப்பு எந்திரம். வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை. சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் அப்படியே நிற்கும். இரண்டு எடைக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் அன்றைக்கு மெஷின் இறக்கிவைத்த பாரம்.

அந்த மையத்தின் கணக்கு எளிது. ஒன்பது மெஷின், நாளுக்கு மூன்று ஷிப்ட், ஞாயிறு நீங்கலாக ஆறு நாள்: வாரத்துக்கு நூற்று அறுபத்திரண்டு முறை. நோயாளிகள் எண்பத்தொரு பேர், ஆளுக்கு வாரம் இரண்டு முறை: அதுவும் நூற்று அறுபத்திரண்டு. டாக்டர்கள் மூன்று முறை என்றுதான் எழுதித் தருவார்கள். ஆனால் ஒருவருக்கு மூன்றாவது முறை கிடைக்க வேண்டுமென்றால் இன்னொருவர் வராமல் இருக்க வேண்டும். ஊருக்குப் போயிருக்க வேண்டும், வேறெங்காவது படுத்திருக்க வேண்டும், இல்லை ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அப்படிக் காலியாகும் இடத்தை யாருக்குத் தருவது என்பதைப் பெரிய சிஸ்டர்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். இடம் காலியானால் அதைப் புரட்டுவார், கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார், பிறகு யாருக்காவது போன் போடுவார். அவர் கூப்பிட்ட ஆள் போனை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு, அதுவும் இல்லையென்றால் அந்தத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போட்டுச் சொல்லியனுப்புவார். அதில் முணுமுணுப்பும் இருந்தது. சிரித்துப் பேசுகிறவர்களைத்தான் சிஸ்டர் கூப்பிடுவார் என்று சிலர் சொன்னார்கள். ஒரு நோயாளியின் மகன் சங்கத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தான். அவன் அப்பாவுக்கு நாலு மாதத்தில் ஒரு தடவைகூட மூன்றாம் முறை வரவில்லை. நோட்டைப் பார்த்தால் அது உண்மையாகவும் இருந்தது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. கோப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும் அவருக்கு. ஒரு திங்கட்கிழமை அவள் மெஷினில் இருக்கும்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு ஆப் பண்ணணும்மா. காலி இடம் வந்தா அதுவே ஆளைக் கூப்பிடணும். மனுஷங்க கை அதுல படவே கூடாது. யார் மேலயும் பழி வராது பாருங்க. நீங்க பண்ணித் தருவீங்களா?"

அவளிடம் வேலை என்று ஒருவர் வந்து நின்று ஐந்து வருடமாகியிருந்தது. யோசிக்கிற மாதிரி ஒரு நிமிடம் இருந்துவிட்டு, சரி என்றாள்.

பக்கத்து மெஷினில் இருந்தது தையல்கார அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது. அவளுக்கும் திங்கள், வியாழன்தான் முறை. செயலாளர் போனதும் கண்ணைத் திறந்தாள்.

"ஆப்புன்னாரே, யாருக்கு வெக்கப் போறீங்க?"

"ஆப்பு இல்லக்கா. ஆப். போன்ல வர்றது."

"ஏதோ ஒண்ணு. சின்ன மனுஷங்க மேல படாம பாத்துக்க, தங்கச்சி."

இருவரும் சிரித்தார்கள். அந்த நாற்காலிகளில் சிரிப்பு அடிக்கடி வருவதில்லை. அன்றிலிருந்து தையல்கார அக்கா அவளை இன்ஜினியரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு சட்டைக் கையால். டயாலிசிஸ் ஆட்களுக்கு ஒரு கையில் ரத்தக்குழாய்களை ஒட்டித் தைத்திருப்பார்கள். அந்த இடம் மேடாகி, விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிரும். அங்கேதான் ஊசி. ஒவ்வொரு முறையும் இறுக்கமான சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றுவது பெரும்பாடு. தையல்கார அக்கா இன்ஜினியரம்மாவின் மூன்று சுடிதாருக்கு இடக்கையைப் பிரித்து, தோளிலிருந்து முழங்கை வரை அழுத்துபட்டன் வைத்துத் தந்தாள். கூலி வாங்கவில்லை.

வேலை தொடங்கியது. முதலில் பெரிய சிஸ்டரிடம் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தாள்.

"யாரைக் கூப்பிடறதுன்னு எப்படி சிஸ்டர் முடிவு பண்றீங்க?"

"முகத்தைப் பார்த்தா தெரியும்."

"முகத்துல என்ன தெரியும்?"

"கண்ணுக்குக் கீழ. அப்புறம் படியேறி வர்றப்போ எத்தனை தடவை நிக்கறாங்கன்னு. செருப்பு மாட்ட முடியாம மடிச்சு மிதிச்சுட்டு வந்தா கால் வீங்கியிருக்குன்னு அர்த்தம். சில பேர் வாயே திறக்க மாட்டாங்க, அவங்களைத்தான் கவனிக்கணும்."

"இதை எப்படி எழுதறது சிஸ்டர்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நீதானே படிச்சவ."

அவள் விடவில்லை. கடைசி எடை, ஏறிய எடை, ரத்தத்தில் பொட்டாசியம், எத்தனை நாள் இடைவெளி என்று நான்கைந்து எண்களைச் சேர்த்து ஒரு வரிசை முறை எழுதினாள். அது சிஸ்டரின் முகக்கணக்குக்குப் பாதியாவது கிட்டே வந்தது. ஆனால் சங்கக் குழு அதை ஏற்கவில்லை. எடையை எழுதுவது யார், சிஸ்டர்தானே? அப்படியானால் மறுபடியும் அவர் கைக்குத்தானே போகிறது? இரண்டு கூட்டம் பேசி முடித்தபோது விதி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. கடைசியாக மூன்றாம் முறை கிடைத்து யாருக்கு அதிக நாளாயிற்றோ, அவருக்கு முதல் அழைப்பு. அவர் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவர். குழந்தைக்கும் புரியும் விதி. யாரும் குறை சொல்ல முடியாது.

எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று கேள்வி வந்தது. அவள் முப்பது என்றாள். மூன்று பேர் பதில் சொல்லாமல் விட்டால் ஒன்றரை மணி நேரம் மெஷின் சும்மா நிற்கும் என்று செயலாளர் கணக்குப் போட்டார். ஒருவர் ஐந்து போதும் என்றார். அவள் வாதாடிப் பத்தில் நிறுத்தினாள். அன்று வீட்டுக்குப் போனதும் கணவனிடம், "அஞ்சுன்னு சொன்னாங்க, நான் பத்து வாங்கிட்டு வந்தேன்" என்று பெருமையாகச் சொன்னாள்.

பகல் முழுக்க எழுதினாள். மகள் பள்ளிக்கும் கணவன் கடைக்கும் போன பிறகு சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொள்வாள். முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் அன்றைய பங்கு தண்ணீர் அளந்து ஊற்றிய புட்டி. நாளுக்கு எழுநூறு மில்லி, அதற்கு மேல் கூடாது. பழைய கை பழைய வேகத்துக்கு வர ஒரு மாதமாயிற்று. வந்த பிறகு அவள் முகமே மாறிவிட்டது என்று கணவன் சொன்னான்.

சோதனைக்கு மையத்து நாற்காலிகளே போதுமாயின. நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கும் ஆட்களுக்குப் போனைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். எழுத்து சின்னது என்றார்கள், பெரிதாக்கினாள். பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரி தெரிகிறது என்றார் ஒரு பெரியவர். 'வருகிறேன்', 'வர முடியாது' என்று எழுத்தாலேயே இரண்டு பட்டை வைத்தாள். சத்தத்தைத் திருத்தியது தையல்கார அக்கா.

"டிங்குன்னு ஒரு தடவை கத்திட்டுப் போனா எவனுக்குக் கேக்கும்? ஆள் கூப்பிடற மாதிரி அடிக்கணும். நிக்காம அடிக்கணும்."

அரை நிமிடம் விடாமல் அடிக்கிற மணியாக மாற்றினாள்.

பதினேழு பேரிடம் ஆப் ஓடுகிற போன் இல்லை. வீட்டிலுள்ள வேறு யாருடைய எண்ணையாவது கொடுத்தால் போதும் என்று குழு முடிவு செய்தது. தையல்கார அக்கா கணவனின் எண்ணைக் கொடுத்தாள். அவர் ஒரு பெரிய கிடங்கில் பகல்நேர வாட்ச்மேன். போன் அவரோடு காலையில் போய் மாலையில் வரும்.

சிஸ்டர் ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்குன்னு ஒரு பட்டன் வெச்சுக் குடு. அவசரம்னா நான் ஒரு ஆளை முன்னால தள்ள. தினமும் தொட மாட்டேன்."

அவள் வைத்துக் கொடுத்தாள். நன்றாகவே வேலை செய்தது. வெளியீட்டுக்கு முன் நடந்த கடைசிக் கூட்டத்தில் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"இது இருந்தா பழைய நோட்டுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

அவளுக்கு எதிர்த்துச் சொல்லத் தோன்றியது. ஆனால் எல்லாம் முடிந்து வாசல்வரை வந்துவிட்டது. ஒரு பட்டனுக்காக நின்றுபோக வேண்டாம் என்று பட்டது. அன்று மாலையே எடுத்துவிட்டாள்.

ஆப் ஸ்டோரில் ஏற்ற அனுப்பினாள். நோயாளிகளின் விவரங்களை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்ற அறிக்கை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். எழுதிச் சேர்த்து மறுபடி அனுப்பினாள். பதினோராம் நாள் அனுமதி வந்தது. வெளியீட்டு நாளில் கண்ணாடிச் சுவரில் பேனர் கட்டினார்கள். மெஷின்கள் வாங்கித் தந்த கொடையாளர் வந்து பட்டையை அழுத்தினார். ஒன்பது நாற்காலியிலிருந்தும் கை தட்டினார்கள். ஊசி குத்திய கையை ஆட்டக் கூடாது என்பதால் மற்றக் கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார்கள். செயலாளர் அவளுக்குச் சால்வை போர்த்தினார். பெரிய சிஸ்டர் நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. புகார் கொடுத்த மகனுடைய அப்பாவுக்கு முதல் வாரத்திலேயே அழைப்பு போயிற்று. அவர் அழுதுவிட்டார் என்று சொன்னார்கள். முணுமுணுப்பு நின்றது.

மூன்றாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தையல்கார அக்கா நாலரைக் கிலோ கூடுதலாக வந்தாள். வெயில் காலம், தண்ணீரைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றாள். மெஷின் ஓட ஆரம்பித்த இரண்டாம் மணியில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. கால் இழுத்துக்கொண்டது. கத்தினாள். நிறுத்திவிட்டார்கள். ஒன்றரைக் கிலோதான் இறங்கியிருந்தது. சிஸ்டர் அவள் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி உடனே மேலே வரவில்லை.

"திங்கக்கிழமை வரைக்கும் இது தாங்காதுடி. சனிக்கிழமை யாராவது வரலைன்னா நீ வந்தே ஆகணும்."

"அதை இன்ஜினியரம்மாகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஜினியரம்மா அப்போதே கைப்பேசியில் பட்டியலைப் பார்த்தாள். செய்தவள் என்ற முறையில் அவளால் மட்டும் அதைப் பார்க்க முடியும். "கவலைப்படாதீங்கக்கா. நீங்கதான் லிஸ்ட்ல முதல்ல இருக்கீங்க. போனை மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க மாமாவை" என்றாள். பட்டியலில் இரண்டாவது பெயர் இன்ஜினியரம்மாவினுடையது.

சனிக்கிழமை மதியம், ஒரு நோயாளி வீட்டில் வழுக்கி விழுந்து வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவருடைய நாலு மணி ஷிப்ட் காலியாயிற்று. அழைப்பு பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போனது. கிடங்கின் காவல் அறையில் போன் சார்ஜில் கிடந்தது. வாட்ச்மேன் பின்வாசலில் லாரி ஒன்றைப் பின்னால் எடுக்கக் கைகாட்டிக்கொண்டிருந்தார். மணி அரை நிமிடம் அடித்து ஓய்ந்தது. பத்து நிமிடம் முடிந்தது.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு இன்ஜினியரம்மாவின் போன் அடித்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அந்த வாரம் சரியில்லை. மூன்று கிலோ ஏறியிருந்தது. முந்தின இரவு படுக்க முடியாமல் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கியிருந்தாள். மணி அடித்ததும் அக்கா போனை எடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு எந்த வழியிலும் அது அவளுக்கு வந்திருக்க முடியாது.

அவள் கூப்பிட்டிருக்கலாம். வாட்ச்மேனின் எண் அதே போனில் இருந்தது. சிஸ்டரைக் கூப்பிட்டிருந்தால் அவர் ஏதாவது வழி பார்த்திருப்பார். விதியை எழுதியவளே விதியை மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்ற நியாயமும் உண்டு. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது அவள் மனதில் ஓடியது ஒன்றுதான்: இன்றைக்கு ராத்திரி படுத்துத் தூங்கலாம். நான்காவது விநாடியில் 'வருகிறேன்' என்ற பட்டையை அழுத்தினாள்.

நாலு மணி வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அப்போதும் அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. மகளுக்குச் சாப்பாடு போட்டாள். ஆட்டோ பிடித்துப் போனாள்.

ஊசி இரண்டையும் குத்தி, குழாயை மாட்டிய பிறகுதான் பெரிய சிஸ்டர் அன்றைய ஷிப்டின் பெயர்த்தாளைப் பார்த்தார்.

"உனக்கா வந்துச்சு? அவளுக்குப் போகலையா?"

"போச்சு சிஸ்டர். எடுக்கல போல."

"நீ போன் பண்ணிப் பாத்தியா?"

"இல்ல."

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேசைக்குப் போய் அவரே வாட்ச்மேனைக் கூப்பிட்டார். ஒன்பது மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. "மூச்சு வாங்குதான்னு பாருங்க. வாங்கினா காத்திருக்க வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அவர் சொல்வது நாற்காலிவரை கேட்டது. மெஷின் ஓட ஆரம்பித்துக் கால் மணிதான் ஆகியிருந்தது. 'என்னை எடுத்துடுங்க, அக்காவை வரச் சொல்லுங்க' என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சிஸ்டரும் அதைக் கேட்கவில்லை. நாலு மணி நேரம் போயிற்று. இரண்டு கிலோ எழுநூறு கிராம் இறங்கியது. அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு மதியத்திலிருந்து தையல்கார அக்காவுக்கு மூச்சிழுப்பு. நாளைக்குத்தான் முறை வருகிறதே, ஒரு ராத்திரிதானே என்று பொறுத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவளுக்கு முன்னால் ஆறு பேர். திங்கள் விடியுமுன் உயிர் போய்விட்டது.

வாட்ச்மேன் செவ்வாய்க்கிழமை மையத்துக்கு வந்தார். மனைவியின் மருத்துவக் கோப்பில் ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. செயலாளர் சொல்லியனுப்பி இன்ஜினியரம்மாவும் வந்திருந்தாள்; இறந்தவர் பெயரை எடுக்கும் வழியை வரவேற்புப் பெண்ணுக்குக் காட்டித் தர அவள்தான் வேண்டும். வரவேற்பு அறையில் அவர் அவளைப் பார்த்ததும் போனை நீட்டினார்.

"இதுல ஏதோ வந்திருக்கும்மா. எனக்கு சரியா படிக்க வரல. என்னன்னு பாரு."

திரையில் அவள் எழுதிய வாக்கியமே இருந்தது. 'நேரம் முடிந்தது. இந்த வாய்ப்பு அடுத்தவருக்குச் சென்றுவிட்டது.'

படித்துக் காட்டினாள்.

"அடுத்தவருன்னா யாரு?"

"நான்தான் மாமா."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"நீயா. அப்ப நாங்க எடுக்கலைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. நம்பர் உங்கிட்ட இருக்கே."

"இருக்கு மாமா."

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். உள்ளே வரவேற்புப் பெண் கம்ப்யூட்டரில் 'இறப்பு' என்று குறித்தாள். வியாழக்கிழமை இடம் காலியானது. காத்திருந்தவர்களில் ஒருவர் பையில் போன் அடித்தது, ஆள் கூப்பிடுவதுபோல, நிற்காமல். அந்த மனிதர் பதறிப்போய்ப் பையைத் துழாவினார். வாட்ச்மேன் அந்தச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வாரமே குழு கூடியது. அவள் இரண்டு கோரிக்கைகள் வைத்தாள். சிஸ்டரின் பட்டன் திரும்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள் வேண்டும். தான் செய்ததையும் மறைக்காமல் சொன்னாள். செயலாளர் சர்வரிலிருந்து அச்சடித்த தாளை எல்லோருக்கும் கொடுத்தார். அழைப்பு அனுப்பிய நேரம், முடிந்த நேரம், அவள் ஏற்ற நேரம், விநாடி வரைக்கும் இருந்தது.

"சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. நீங்க உங்க முறைக்கு வந்ததை எடுத்துக்கிட்டீங்க. இதுல உங்க தப்பு எங்க இருக்கு?" அவர் உண்மையாகவே அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். "போன் பக்கத்துல இல்லாதது அவங்க துரதிர்ஷ்டம். இதுக்காக பட்டனைத் திரும்ப வெச்சா, நாளைக்கு ஒவ்வொரு சாவுக்கும் சிஸ்டரை நிக்க வெச்சு கேப்பாங்க."

இரண்டாவது எண்ணுக்கு ஒப்புக்கொண்டார்கள். பட்டனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டம் முடியும்போது, வேறு இரண்டு மையங்கள் இந்த ஆப்பைக் கேட்டிருப்பதாகவும் செயலாளர் சொன்னார். யாரோ கை தட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

பெரிய சிஸ்டர் மருந்து அறையில் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய் நின்றாள்.

"என்னைத் திட்டவாவது செய்யுங்க சிஸ்டர்."

"திட்டி என்ன ஆகப்போகுது? குழாயை மாட்டினதுக்கப்புறம் தெரிஞ்சுது. நானும்தான் கழட்டல." அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை. "நான் நோட்டு வெச்சிருந்தப்பவும் ஆளுங்க செத்திருக்காங்க. அப்ப என் முகத்துக்கு நேரா வந்து திட்டுவாங்க, மண்ணை வாரித் தூத்துவாங்க. நானும் வாங்கிக்குவேன். இப்ப அந்த மனுஷன் யாரைத் திட்டறதுன்னு தெரியாம படியில நின்னாரு பாரு. அதைத்தான் என்னால பாக்க முடியல."

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன், "உனக்கு ஏதாவது ஆகியிருந்தா பாப்பாவை யாரு பாக்கறது?" என்றான். அது சரியான கேள்விதான். அதனால் அவளுக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை. வாட்ச்மேன் வீட்டுக்கு இரண்டு தடவை போனாள். முதல் தடவை பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை அவர் இருந்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியுமே என்று அவள் நினைத்தாள். பிறகு, பழக்கத்தில் வைத்திருப்பார் என்று நினைத்தாள். ஓரத்தில் தையல் மெஷின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. மன்னிப்புக் கேட்க வந்தவள் அதைக் கேட்காமலேயே எழுந்து வந்தாள். கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்; அந்தச் சுமையையும் அவர் மேல் வைக்க மனம் வரவில்லை.

இரண்டாவது எண் சேர்க்கும் வேலையை ஒன்பது நாளில் முடித்தாள். முதல் எண்ணில் நான்கு நிமிடம் பதில் இல்லையென்றால் இரண்டாவது எண்ணும் அடிக்கும். மொத்தம் அதே பத்து நிமிடம்தான்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை பக்கத்து நாற்காலிக்குப் புதிய ஆள் வந்தார். பஸ் கண்டக்டர். நாற்பது வயதிருக்கும். கை மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப வலிக்குமாங்க?"

"குத்தறப்போ மட்டும். அப்புறம் குளிரும். போர்வை கொண்டுவந்தீங்களா?"

"கொண்டுவரலையே."

"அடுத்த தடவை கொண்டுவாங்க. இன்னிக்கு சிஸ்டர்கிட்ட கேளுங்க, குடுப்பாங்க."

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாரம் ரெண்டு தடவைதானாமே. மூணாவது வேணும்னா ஏதோ ஆப் இருக்காம். அதை யார்கிட்ட கேக்கணும்?" என்றார்.

"போனைக் குடுங்க."

ஒற்றைக் கையால் அதை வாங்கி ஏற்றினாள். எண்ணைக் கேட்டாள். இரண்டாவது எண் வேண்டும் என்றாள். மனைவி எண்ணைச் சொன்னார்.

"அவங்க வேலைக்குப் போறவங்களா?"

"ஆமா. துணிக்கடையில. உள்ள போன் வெச்சுக்க விட மாட்டாங்க."

"அப்ப அது வேணாம். வீட்டுப் பக்கத்துல எப்பவும் இருக்கற ஆள் யாரு? கடைக்காரர், யாராவது?"

அவர் யோசித்தார். தெருமுனையில் ஒரு மாவு மில் இருப்பதாகச் சொன்னார். எண் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன் என்றார்.

"இன்னிக்கே கேட்டு எனக்குச் சொல்லுங்க. அப்புறம் இந்தப் போனை சைலன்ட்ல போடாதீங்க. பஸ்ல இருந்தாலும் சரி, குளிக்கப் போனாலும் சரி, கையிலயே வெச்சுக்குங்க. சார்ஜ் போட்டுட்டு அந்தப் பக்கம் போகாதீங்க."

கண்டக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கேட்டுக்கொண்டாரா, இல்லை பயத்தில் ஆட்டுகிறாரா என்று தெரியவில்லை. அவள் முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள்.